சர்வர் வழியாகப் பக்கம் பிரிக்கப்படும் அட்டவணையில் நெடுவரிசை மொத்தம்: எதன் மொத்தத்தைக் காட்டுவது?

பதிவு 1 | வயலோரம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் உள்ள ஒரு தொடக்கப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொள்முதல் பதிவேட்டை வலைச் செயலியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். பின்புறம் பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும். முன்புறம், அட்டவணையைப் பக்கம் பிரிக்கவும் தேடவும் உதவும் ஜேக்வெரியின் டேட்டாடேபிள்ஸ் நீட்சி. ஏறத்தாழ 300 உறுப்பினர்கள் காலையும் மாலையும் பால் ஊற்றுவதால், மாத இறுதியில் அட்டவணையில் 18,000 வரிகள் வரை சேர்ந்துவிடுகின்றன. எனவே ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தின் வரிகளை மட்டும் சர்வரிலிருந்து வாங்கும் சர்வர் வழிப் பக்கமாக்கலை இயக்கி, ஒரு பக்கத்துக்கு 25 வரிகள் என்று வைத்திருக்கிறேன். நாள், வேளை, உறுப்பினர் எண், பெயர், லிட்டர், கொழுப்புச் சத்து, இதர சத்து (கொழுப்பல்லாத திடப்பொருள்), லிட்டர் விலை, தொகை ஆகியவை நெடுவரிசைகள்.

அடிவரியில் லிட்டருக்கும் தொகைக்கும் மொத்தம் வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டார். ஃபுட்டர்கால்பேக் என்னும் செயற்கூற்றில் நெடுவரிசையின் மதிப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டும்படி எழுதினேன். முதல் முயற்சியில் லிட்டர் மொத்தம் 06.54.28.0 என்று தொடங்கி, திரையின் விளிம்பையும் தாண்டி நீண்டது. பிறகு ஒவ்வொரு மதிப்பையும் பார்ஸ்ஃப்ளோட் வழியாக எண்ணாக மாற்றினேன். லிட்டர் சரியானது, தொகை மட்டும் சில பக்கங்களில் சரியாகவும் சில பக்கங்களில் ஓரிரு ஆயிரம் ரூபாய் குறைவாகவும் வருகிறது. அதோடு பக்கத்தை மாற்றினால் மொத்தமும் மாறிவிடுகிறது. இந்த இரண்டும் ஒரே பிழையா, வெவ்வேறு பிழைகளா என்றே எனக்குப் பிடிபடவில்லை.

பதிவு 2 | பேரேடு

வெவ்வேறு பிழைகள். தாங்கள் சொன்னவற்றுள் மூன்று பிழைகள் இருக்கின்றன. அவற்றில் முதலாவதைத் தாங்களே தீர்த்துவிட்டீர்கள், காரணம் தெரியாமல்.

மைஎஸ்க்யூஎல்லில் டெசிமல் வகையில் வைத்திருக்கும் மதிப்பை பிஎச்பி எண்ணாகத் தருவதில்லை, எழுத்துச் சரமாகவே தருகிறது. இது குறையன்று, பத்தடிமான எண்ணை மிதவைப் புள்ளி எண்ணாக மாற்றினால் துல்லியம் கெடக்கூடும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட்டில் கூட்டல் குறி எழுத்துச் சரத்தைக் கண்டால் கூட்டாமல் ஒட்டிவிடும். 0 என்று தொடங்கி 6.5, 4.2, 8.0 ஆகிய சரங்களை ஒட்டினால் 06.54.28.0 என்பது எழுத்துக்கு எழுத்து அப்படியே கிடைக்கும்.

தொகையில் வரும் குறைவுக்கு, சர்வரிலிருந்து அனுப்பும்போதே காற்புள்ளி இட்டு அழகுபடுத்தி அனுப்புகிறீர்களா என்று பாருங்கள். 6.5 லிட்டர் ஊற்றியவரின் தொகை ஆயிரத்துக்குக் கீழே இருப்பதால் அதில் காற்புள்ளி வராது, கூட்டலும் சரியாக இருக்கும். 40 லிட்டர் ஊற்றியவருக்கு 1,414.80 என்று வந்திருந்தால், பார்ஸ்ஃப்ளோட் காற்புள்ளி வரை படித்து அங்கேயே நின்றுவிடும். அவருடைய தொகை மொத்தத்தில் வெறும் 1 ரூபாயாகச் சேரும். பெரிய உற்பத்தியாளர் உள்ள பக்கங்களில் மட்டும் கணக்கு இடிப்பதன் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும்.

காற்புள்ளியை நீக்கிவிட்டுக் கூட்டுவது ஒரு வழி. டேட்டாடேபிள்ஸின் எடுத்துக்காட்டு நிரலிலேயே அப்படி ஒரு சிறு செயற்கூறு உண்டு. ஆயினும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தரவு வெறும் எண்ணாகவே வரட்டும். காற்புள்ளி இடும் வேலையை ரெண்டர் செயற்கூற்றில், காட்சிக்காகக் கேட்கப்படும்போது மட்டும் செய்யுங்கள். இந்திய ஆங்கில வட்டார அமைப்பைக் கொடுத்தால் உலாவியே 12,34,567.89 என்று இலட்சக் கணக்கில் பிரித்துத் தந்துவிடும்.

பதிவு 3 | வயலோரம்

மிக்க நன்றி ஐயா. காற்புள்ளி இடும் நம்பர்ஃபார்மட் வைத்துத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன், அதை எடுத்தவுடன் பக்கத்தின் தொகை சரியாகிவிட்டது. மூன்றாவது பிழை என்று தாங்கள் குறிப்பிட்டது பக்கத்துக்குப் பக்கம் மொத்தம் மாறுவதைத்தானே?

பதிவு 4 | இரண்டாம்பத்தி

அதை நான் சொல்கிறேன். அது நிரலின் பிழை இல்லை. உலாவியிடம் இல்லாத வரிகளை உலாவி எப்படிக் கூட்டும்?

சர்வர் வழிப் பக்கமாக்கலை இயக்காத அட்டவணையில் எல்லா வரிகளும் உலாவியின் நினைவகத்தில் இருக்கும். அங்கே நெடுவரிசையைக் கேட்கும்போது, இந்தப் பக்கத்தில் உள்ளவை மட்டும் என்றோ, தேடலுக்குப் பொருந்தியவை மட்டும் என்றோ, எல்லாமும் என்றோ தெரிவு சொல்லலாம். மூன்றுக்கும் மூன்று விடைகள் வரும். சர்வர் வழிப் பக்கமாக்கலை இயக்கிய பிறகு அந்த மூன்றும் ஒன்றே ஆகிவிடும், ஏனெனில் உலாவிக்குத் தெரிந்த உலகமே அந்த 25 வரிகள்தான். எல்லாமும் என்று கேட்டாலும் 25 வரிகளையே கூட்டும். பிழைச் செய்தி எதுவும் காட்டாது. ஆகவே மொத்தம் சர்வரிலிருந்து வர வேண்டும்.

சர்வர் ஜேசான் வடிவத்தில் திருப்பி அனுப்பும் விடையில் ட்ரா (கோரிக்கையின் வரிசை எண்), ரெக்கார்ட்ஸ்டோட்டல் (எல்லா வரிகளின் எண்ணிக்கை), ரெக்கார்ட்ஸ்ஃபில்டர்டு (வடிகட்டிய வரிகளின் எண்ணிக்கை), டேட்டா (பக்கத்தின் வரிகள்) என்னும் நான்கு உறுப்புகளை டேட்டாடேபிள்ஸ் எதிர்பார்க்கிறது. அவற்றோடு தாங்கள் விரும்பும் வேறு உறுப்பையும் சேர்த்து அனுப்பலாம், அது கண்டுகொள்ளாது. மொத்தங்கள் என்று ஓர் உறுப்பைச் சேர்த்து, அடிவரிச் செயற்கூற்றில் ஏஜாக்ஸ் வழியாகச் சர்வரிலிருந்து கடைசியாக வந்த விடையைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து எடுத்து எழுதுங்கள்.

பதிவு 5 | மழைக்காகம்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 18,000 வரிகளுக்குச் சர்வர் வழிப் பக்கமாக்கல் தேவைதானா என்று முதலில் கேட்க வேண்டாமா? ஒன்பது நெடுவரிசை கொண்ட 18,000 வரிகளைச் சுருக்கி அனுப்பினால் இன்றைய உலாவி அதை எளிதாகத் தாங்கும். எல்லாவற்றையும் இறக்கிவிட்டால் மேலே சொன்ன மூன்று தெரிவுகளும் இலவசமாகக் கிடைத்துவிடும். சர்வரில் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

பதிவு 6 | வயலோரம்

ஒரு மாதத்துக்கு அது பொருந்தும். ஆனால் தணிக்கையின்போது ஓராண்டைத் திறந்து பார்ப்பார்கள், அப்போது இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிடும். தவிரவும், சங்கத்தில் இருப்பது பழைய கணினி, இணைப்பும் கைபேசி வழியாகத்தான். எனவே சர்வர் வழியிலேயே தொடர விரும்புகிறேன்.

இரண்டாம்பத்தி அவர்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். பக்கத்துக்கான வினவலையே நகலெடுத்து, நெடுவரிசைப் பெயர்களின் இடத்தில், கூட்டித் தரும் சம் செயற்கூற்றைப் போட்டேன். முதல் பக்கத்தில் மாதம் முழுவதற்குமான மொத்தம் சரியாக வந்தது. இரண்டாம் பக்கத்துக்குப் போனதும் அடிவரி வெறுமையாகிவிட்டது. மூன்றாம் பக்கத்திலும் அப்படியே. முதல் பக்கத்துக்குத் திரும்பினால் மீண்டும் வருகிறது. பேய் பிடித்தாற்போல் இருக்கிறது.

பதிவு 7 | இரண்டாம்பத்தி

நகலெடுத்தபோது வினவலின் வாலையும் சேர்த்து எடுத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். எத்தனை வரிகளை எடுப்பது என்று சொல்லும் லிமிட், எத்தனை வரிகளைத் தாண்டுவது என்று சொல்லும் ஆஃப்செட் இரண்டும் கூட்டலுக்கு முன்பு வேலை செய்வதில்லை. கூட்டி முடித்து வந்த விடை வரிகளின்மீது வேலை செய்கின்றன. சம் தருவது ஒரே ஒரு வரி. முதல் பக்கத்தில் அந்த ஒரு வரியை லிமிட் 25 அனுமதித்துவிடுகிறது. இரண்டாம் பக்கத்தில் முதல் 25 வரிகளைத் தாண்டு என்று ஆஃப்செட் சொல்லும்போது, இருந்த ஒரே வரியும் தாண்டப்பட்டுவிடுகிறது.

லிமிட்டையும் ஆஃப்செட்டையும் வரிசைப்படுத்தலையும் நீக்குங்கள். வடிகட்டும் நிபந்தனையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: ரெக்கார்ட்ஸ்ஃபில்டர்டு என்ற எண்ணைப் பெறுவதற்காக, அதே நிபந்தனையோடு எத்தனை வரிகள் என்று எண்ணும் வினவல் ஒன்றை ஏற்கெனவே வைத்திருப்பீர்கள். லிட்டரின் கூட்டலையும் தொகையின் கூட்டலையும் அந்த வினவலிலேயே சேர்த்துவிடுங்கள். தரவுத்தளம் எப்படியும் அந்த வரிகளை ஒருமுறை கடந்து செல்லத்தான் போகிறது. தனியாக இன்னொரு வினவல் எழுதினால் வேலை கூடுவது ஒருபுறம் இருக்க, ஆறு மாதம் கழித்து ஒரு புதிய வடிகட்டியைச் சேர்க்கும்போது ஓரிடத்தில் சேர்த்து மறு இடத்தில் மறந்துவிடுவீர்கள். எண்ணிக்கையும் மொத்தமும் ஒரே வாயிலிருந்து வந்தால் அந்த வாய்ப்பே இல்லை.

எந்த வரியும் பொருந்தாதபோது எண்ணிக்கை 0 என்று வரும், ஆனால் சம் தருவது நல் மதிப்பு, அதாவது மதிப்பே இல்லை என்பதன் குறி. அதைக் கோலெஸ் கொண்டு 0 ஆக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அடிவரியில் ‘நல்’ என்ற சொல்லையோ ‘நான்’ (எண் அன்று என்பதன் ஆங்கிலக் குறுக்கம்) என்பதையோ அச்சிட்டுவிடும். பின்னதைத் தமிழில் படித்தால் வேறு பொருள் தரும் என்பது தனி வேடிக்கை.

பதிவு 8 | மழைக்காகம்

இதில் ஒரு மாற்றுக் கருத்து. ஓராண்டின் இரண்டு இலட்சம் வரிகளைக் கூட்டுவது, 25 வரிகளை எடுப்பதைவிட மெதுவாக இருக்கும். அட்டவணை அந்தக் கூட்டலுக்காகக் காத்திருக்க வேண்டுமா? மொத்தத்துக்குத் தனி முகவரி ஒன்றை வைத்து, அட்டவணை வந்த பிறகு அது பின்னால் வந்து சேரட்டும் என்று விடலாமே.

பதிவு 9 | இரண்டாம்பத்தி

விடலாம், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பயனர் தேடல் பெட்டியில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும்போது கோரிக்கைகள் அடுத்தடுத்துப் போகின்றன. அவை போன வரிசையிலேயே திரும்பி வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ட்ரா என்னும் அந்த எண் இதற்காகத்தான் இருக்கிறது: பழைய கோரிக்கைக்கான விடை தாமதமாக வந்தால், எண்ணைப் பார்த்து டேட்டாடேபிள்ஸ் அதை ஒதுக்கிவிடும். மொத்தத்தைத் தனி முகவரியிலிருந்து தாங்களாகக் கேட்டு வாங்கினால் அந்தக் காவல் மொத்தத்துக்குக் கிடையாது. ‘மு’ என்று தட்டியதற்கான மொத்தம், ‘முருகே’ என்று தட்டியதற்கான வரிகளின் கீழே வந்து உட்கார்ந்துகொள்ளும். தவறான மொத்தத்தைவிட இதில் கொடுமை என்னவென்றால், மறுபடி செய்து காட்டச் சொன்னால் பிழை வராது.

தனியாகத்தான் வேண்டும் என்றால் ட்ரா எண்ணை அதிலும் அனுப்பி, திரும்பி வந்தவுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் நாள் நெடுவரிசைக்கு ஒழுங்கான இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் சுட்டுப் பட்டியல்) இருந்தால் இரண்டு இலட்சம் வரிகளைக் கூட்டுவது ஒரு பெரிய காரியமே இல்லை. அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பேன்.

பதிவு 10 | பேரேடு

நிரலைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். கணக்கைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். வயலோரம் அவர்களே, கொழுப்புச் சத்துக்கும் இதர சத்துக்கும் அடிவரியில் என்ன காட்டுகிறீர்கள்?

பதிவு 11 | வயலோரம்

கூட்டினால் பொருள் இல்லை என்பதால் சராசரியைக் காட்டியிருக்கிறேன். ஏவரேஜ் செயற்கூறுதான்.

பதிவு 12 | பேரேடு

அதையும் மாற்ற வேண்டும். ஒருவர் 2 லிட்டர் ஊற்றுகிறார், கொழுப்பு 5.0 விழுக்காடு. இன்னொருவர் 18 லிட்டர் ஊற்றுகிறார், கொழுப்பு 3.5 விழுக்காடு. தங்கள் அடிவரி 4.25 என்று காட்டும். இரண்டையும் ஒரே கேனில் ஊற்றிக் கலக்கிச் சோதித்தால் 3.65 தான் இருக்கும், ஏனெனில் 2 லிட்டருக்கு ஒரு வாக்கு, 18 லிட்டருக்கும் ஒரு வாக்கு என்று பால் கணக்குப் பார்ப்பதில்லை. லிட்டரையும் விழுக்காட்டையும் வரிக்கு வரி பெருக்கி, அந்தப் பெருக்கங்களைக் கூட்டி, மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். இங்கே 10உம் 63உம் சேர்ந்து 73. அதை 20ஆல் வகுத்தால் 3.65.

சங்கத்திலிருந்து பால் குளிரூட்டும் நிலையத்துக்குப் போனதும் அங்கே மீண்டும் சோதனை செய்வார்கள். அந்த அளவீட்டுக்கும் தங்கள் அடிவரிக்கும் நாள்தோறும் வேறுபாடு வந்தால், கருவியில் கோளாறா, கேனில் தண்ணீரா என்ற பேச்சு எழும். யாரும் ஏவரேஜ் செயற்கூற்றைச் சந்தேகிக்க மாட்டார்கள். (கொழுப்பு விழுக்காடு எடையின் அடிப்படையிலானது, லிட்டரின் அடிப்படையிலானதன்று என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். ஆனால் லிட்டரைக் கிலோவாக்க எல்லா வரிக்கும் 1.03 போன்ற ஒரே காரணியால் பெருக்கும் வரை, அது மேலும் கீழும் அடிபட்டுப்போய் விகிதம் மாறாது.)

லிட்டர் விலைக்கும் இதுவேதான். அங்கே பெருக்கி வகுக்கக்கூட வேண்டாம். மொத்தத் தொகையை மொத்த லிட்டரால் வகுத்தால் போதும். உறுப்பினர் எண் நெடுவரிசைக்கு எதையும் காட்டாதீர்கள். சிரிக்க வேண்டாம், எண் வகை நெடுவரிசை எல்லாவற்றையும் தானாகக் கூட்டும் ஒரு செயலியில், உறுப்பினர் எண்களின் மொத்தம் பல மாதம் அச்சாகிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பெருக்கங்களின் கூட்டலையும் அதே எண்ணும் வினவலில் சேர்த்துவிடலாம். வகுக்கும்போது லிட்டர் மொத்தம் 0 ஆக இருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள். மைஎஸ்க்யூஎல்லில் செலக்ட் வினவலில் சுழியால் வகுத்தால் நல் மதிப்பு வரும். போஸ்ட்கிரெஸ் என்னும் வேறொரு தரவுத்தளத்தில் வினவலே பிழையாகி நின்றுவிடும்.

பதிவு 13 | வயலோரம்

சராசரியைத் திருத்திவிட்டேன். கடந்த மாதத்துக்குப் பழைய அடிவரியும் புதிய அடிவரியும் தந்த கொழுப்பு விழுக்காடுகள் ஒன்றாக இல்லை என்பதைப் பார்த்தபோது சற்று வெட்கமாகவே இருந்தது.

பைசா பற்றியும் ஒரு கேள்வி. ஒரு வரியில் 6.5 லிட்டர், விலை 35.37, பெருக்கினால் 229.905. தரவுத்தளத்தில் 229.91 என்று முழுமையாக்கி வைத்திருக்கிறேன். அப்படி மூன்று வரிகள் இருந்தால், வைத்திருக்கும் தொகைகளைக் கூட்டும்போது 689.73 வருகிறது, லிட்டரையும் விலையையும் பெருக்கிக் கூட்டிக் கடைசியில் முழுமையாக்கினால் 689.72 வருகிறது. எதைக் காட்டுவது முறை?

பதிவு 14 | பேரேடு

689.73. உறுப்பினருக்குக் கொடுத்த சீட்டில் 229.91 என்றுதான் இருக்கிறது. மூன்று சீட்டுகளை அவர் கையில் வைத்துக்கொண்டு கூட்டினால் வரும் விடைதான் அடிவரியில் இருக்க வேண்டும். மொத்தம் என்பது மேலே கண்ணுக்குத் தெரியும் எண்களின் கூட்டல்; மேலே தெரியாத பத்தடிமான இடங்களை அதில் ஒளித்துவைக்கக் கூடாது.

கூட்டும் இடம் தரவுத்தளமாகவே இருக்கட்டும், டெசிமல் வகையிலேயே இருக்கட்டும். உலாவியில் 0.1உம் 0.2உம் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவது ஊரறிந்த செய்தி. டுஃபிக்ஸ்டு வைத்து அதைச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: 1.005ஐ இரண்டு இடங்களுக்கு முழுமையாக்கச் சொன்னால் அது 1.00 என்றே தரும், 1.01 அன்று.

பதிவு 15 | வயலோரம்

நன்றி. இப்போது ஒரு புதிய சிக்கல். மாதம் முழுவதற்குமான மொத்தம் அடிவரியில் வந்ததைப் பார்த்த செயலாளர், பக்க மொத்தமும் வேண்டும் என்கிறார். கையால் எழுதும் பதிவேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்தப் பக்கத்தின் கூட்டலைப் போட்டு, அடுத்த பக்கத்தின் தலையில் அதை முன்பக்கத் தொகை என்று கொண்டுவந்து எழுதித்தான் அவர் முப்பது ஆண்டுகள் பழகியிருக்கிறார். திரையிலும் அப்படி இருந்தால்தான் சரிபார்க்க முடியும் என்பது அவர் வாதம். இரண்டு அடிவரிகளையும் வைத்துவிடலாமா?

பதிவு 16 | மழைக்காகம்

தாராளமாக வைக்கலாம். அட்டவணையின் அடிவரிக்கான டிஃபுட் பகுதிக்குள் எத்தனை வரிகளும் வரலாம். பக்க மொத்தம், வடிகட்டியவற்றின் மொத்தம், முழு மொத்தம் என்று மூன்றையும் காட்டிவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவரவருக்கு வேண்டியதை அவரவர் பார்த்துக்கொள்வர்.

பதிவு 17 | இரண்டாம்பத்தி

இதை நான் வன்மையாக மறுக்கிறேன். மூன்று மொத்தங்களைக் காட்டுவது தாராளம்போல் தோன்றினாலும், எந்த மொத்தம் என்ற முடிவை நாம் எடுக்காமல் அவசரத்தில் இருக்கும் பயனரின் தலையில் கட்டுவதுதான் அது. பட்டுவாடா நாளில் ஒருவர் மூன்று வரிகளில் தவறான வரியைப் பார்த்துப் பணம் எண்ணினால், பொறுப்பு யாருடையது?

தாள் பதிவேட்டில் பக்கம் என்பது நிலையான பொருள். 47ஆம் பக்கத்தில் எழுதியவை என்றும் 47ஆம் பக்கத்திலேயே இருக்கும். அதனால் பக்கக் கூட்டலுக்குப் பொருள் இருந்தது. பிழை எந்தப் பக்கத்தில் என்று அதை வைத்துத் தேடலாம். திரையில் பக்கம் என்பது தற்செயல். பெயர் நெடுவரிசையின் தலையை ஒருமுறை சொடுக்கினால் எல்லாப் பக்கங்களும் கலைந்து வேறு பக்கங்கள் ஆகிவிடும்; பக்கத்துக்கு 50 என்று மாற்றினாலும் அவ்வாறே. பக்கத்துக்கு 25 வரிகள் என்பது வயலோரம் அவர்கள் ஏதோ ஒரு நாள் நிரலில் தட்டிய எண். அந்த எண்ணின் அளவுக்குக் கூட்டிய மொத்தம், சங்கத்தின் எந்தக் கேள்விக்கும் விடை ஆகாது.

எக்செல் பழகியவர்களுக்கு இதில் ஓர் எதிர்பார்ப்பும் இருக்கிறது. அங்கே சப்டோட்டல் என்னும் வாய்பாட்டில் 9 என்று கொடுத்துக் கூட்டினால், வடிகட்டியில் மறைந்த வரிகள் கூட்டலில் சேர்வதில்லை. வெறும் சம் என்றால் சேரும். வடிகட்டினால் அடிவரி அதற்கேற்ப மாற வேண்டும் என்பது பலருக்கு அங்கிருந்து வந்த பழக்கம். எனவே என் தெரிவு ஒன்றே ஒன்று: வடிகட்டியவற்றின் மொத்தம். வடிகட்டி எதுவும் இல்லாதபோது அதுவே முழு மொத்தம்.

பதிவு 18 | பேரேடு

இரண்டாம்பத்தி சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். செயலாளரின் கோரிக்கையை ஒதுக்கிவிடுவதை ஏற்கவில்லை. அவர் கேட்பது பக்க மொத்தம் இல்லை. சரிபார்ப்பதற்கு ஏற்ற சிறு சிறு துண்டுகளாக மொத்தம் வேண்டும் என்கிறார். தாளில் அந்தத் துண்டுக்குப் பெயர் பக்கம், அவ்வளவே. பால் சங்கத்தில் இயல்பான துண்டு எது? வேளை. காலைப் பால் ஒரு கணக்கு, மாலைப் பால் ஒரு கணக்கு. வண்டியில் ஏற்றும்போது இத்தனை கேன், இத்தனை லிட்டர் என்று எழுதிக் கொடுப்பது வேளைக்கு வேளைதான். எனவே வேளை வாரியான துணை மொத்தத்தைக் கொடுத்துப் பாருங்கள். பக்க மொத்தத்தை அவர் மறந்துவிடுவார் என்று நினைக்கிறேன்.

பதிவு 19 | வயலோரம்

இது நன்றாக இருக்கிறது. டேட்டாடேபிள்ஸுக்கு ரோகுரூப் என்ற நீட்சி இருக்கிறதே, அதில் ஒவ்வொரு குழுவின் முடிவிலும் துணை மொத்தம் எழுதலாம் என்று பார்த்தேன். அதையே பயன்படுத்தலாமா?

பதிவு 20 | இரண்டாம்பத்தி

பயன்படுத்தினால் பழைய பள்ளத்திலேயே மறுபடியும் விழுவீர்கள். அந்த நீட்சியும் உலாவியிடம் உள்ள 25 வரிகளை மட்டுமே பார்க்கும். ஒரு காலை வேளையில் 300 பேர் ஊற்றினால், அந்தக் குழு பன்னிரண்டு பக்கங்களில் அறுபட்டுக் கிடக்கும்; ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் காலைப் பாலின் மொத்தம் என்ற பெயரில் ஒரு துண்டின் மொத்தம் வரும்.

வேளைச் சுருக்கத்தைத் தனி அட்டவணையாக வைத்துவிடுங்கள். நாளும் வேளையும் கொண்டு குழுவாக்கி, முடிவில் வித் ரோல்அப் என்று சேர்த்தால், ஒவ்வொரு நாளின் மொத்தமும் மாத மொத்தமும் தானாக வந்துவிடும். மாதத்துக்கு 60 வேளை வரிகளும் 30 நாள் வரிகளும் ஒரு கடைசி வரியும்தான், பக்கம் பிரிக்கவே வேண்டாம். மொத்த வரிகளில் குழுப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நல் மதிப்பு வரும், மைஎஸ்க்யூஎல் 8.0இல் குரூப்பிங் என்னும் செயற்கூற்றைக் கேட்டு, அது மொத்த வரியா, உண்மையிலேயே வேளை பதியப்படாத வரியா என்று பிரித்தறியலாம்.

பதிவு 21 | வயலோரம்

சுருக்க அட்டவணை வேலை செய்கிறது. செயலாளர் ஒரு நாளின் காலை வேளையைச் சொடுக்கினால், முதன்மை அட்டவணை அந்த வேளைக்கு வடிகட்டப்பட்டு, அடிவரியிலும் அதே எண் வரும்படி இணைத்துவிட்டேன். பக்க மொத்தத்தை அவர் மீண்டும் கேட்கவில்லை.

அந்த மகிழ்ச்சியில் பிடித்தங்களையும் சேர்க்கப் போய் மாட்டிக்கொண்டேன். மாட்டுத் தீவனத்துக்காக உறுப்பினரின் தொகையிலிருந்து கழிக்கப்படுபவை தனி அட்டவணையில் இருக்கின்றன. கொள்முதலோடு அதை இணைத்துக் கூட்டியவுடன் சிலருடைய லிட்டர் மூன்று மடங்கு ஆகிவிட்டது. மீண்டும் பேய்.

பதிவு 22 | பேரேடு

அந்தச் சிலருக்கு மூன்று பிடித்தங்கள் இருக்கும். 60 கொள்முதல் வரிகளும் 3 பிடித்த வரிகளும் உறுப்பினர் எண்ணால் இணையும்போது 180 வரிகள் பிறக்கின்றன. லிட்டர் மும்முறை எண்ணப்படும், பிடித்தமோ அறுபது முறை எண்ணப்படும். கொள்முதலை உறுப்பினர் வாரியாகத் தனியே கூட்டுங்கள், பிடித்தத்தைத் தனியே கூட்டுங்கள், கூட்டி முடித்த இரண்டையும் பிறகு இணையுங்கள். சம் செயற்கூற்றுக்குள் டிஸ்டிங்ட் (ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எடு) போட்டால் சரியாகிவிடும் என்று எங்காவது படித்தால் நம்பாதீர்கள். ஒரே உறுப்பினர் இரண்டு நாள் 6.5 லிட்டர் ஊற்றியிருந்தால் அது ஒரு நாளை விழுங்கிவிடும்.

பதிவு 23 | மழைக்காகம்

முன்பு நான் சொன்ன மூன்று அடிவரி யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் என் பட்டறிவிலிருந்து ஓர் எச்சரிக்கை: அச்சிட்டுப் பார்த்தீர்களா? டிஹெட்டும் டிஃபுட்டும் அச்சில் ஒவ்வொரு தாளிலும் மீண்டும் வரக்கூடும். தலைப்பு மீண்டும் வருவது நல்லதுதான். அடிவரி மீண்டும் வந்தால், முதல் தாளின் அடியில் உள்ள மாத மொத்தத்தைப் பார்ப்பவர் அதை அந்தத் தாளின் மொத்தம் என்று எடுத்துக்கொள்வார். நான் ஒருமுறை ஆறு தாள் அறிக்கையைக் கொடுத்துவிட்டு, வாங்கியவர் ஆறு அடிவரிகளையும் கூட்டி வைத்திருந்ததைப் பார்த்துத் திகைத்தேன். அச்சுக்கான பாணித்தாளில் டிஃபுட்டின் காட்சி வகையைச் சாதாரண வரிக்குழு வகைக்கு மாற்றிவிட்டால், கடைசித் தாளில் மட்டும் வரும்.

எக்செல் ஏற்றுமதிப் பொத்தானையும் சோதியுங்கள். சர்வர் வழி அட்டவணையில் அது திரையில் உள்ள 25 வரிகளை மட்டுமே கோப்பில் எழுதும். அடிவரியையும் சேர்க்கச் சொல்லியிருந்தால், அந்த 25 வரிகளின் கீழே மாதம் முழுவதன் மொத்தம் போய் உட்காரும். தணிக்கையாளர் கையில் கிடைக்கக் கூடாத கோப்பு அது.

பதிவு 24 | வயலோரம்

அந்தக் கோப்பு ஏற்கெனவே ஒருமுறை போய்விட்டது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நல்லவேளையாக அவரே அழைத்துக் கேட்டார். பொத்தானை நீக்கிவிட்டு, அதே வடிகட்டியோடு சர்வரிலேயே கோப்பை உருவாக்கித் தருமாறு மாற்றியிருக்கிறேன்.

இன்று உள்ள நிலை இது. அடிவரியில் ஒரே ஒரு மொத்தம். அதன் இடப்புறக் கட்டத்தில் வெறுமனே மொத்தம் என்று எழுதாமல், ‘வடிகட்டிய 1,126 வரிகளின் மொத்தம்’ என்று எண்ணிக்கையோடு எழுதுகிறேன். வடிகட்டி இல்லாதபோது ‘மாதத்தின் 17,842 வரிகளும்’ என்று மாறும். திரைபடிப்பானுக்கு அந்தக் கட்டம் வரித் தலைப்பு என்று தெரியும்படி குறித்திருக்கிறேன். எண்கள் வலப்பக்கமாக ஒழுங்குபட்டு, ஒரே அகல இலக்கங்களில் வருகின்றன. கொழுப்பு, இதர சத்து, லிட்டர் விலை மூன்றின் அடியிலும் ‘சராசரி’ என்ற சொல் சிறிய எழுத்தில் இருக்கிறது. எண்ணிக்கை, கூட்டல்கள், பெருக்கங்களின் கூட்டல்கள் எல்லாம் ஒரே வினவலில் வருகின்றன.

பதிவு 25 | இரண்டாம்பத்தி

காலைப் பதிவு நடந்துகொண்டிருக்கும்போது திறந்தால், எண்ணும் வினவலுக்கும் வரிகளை எடுக்கும் வினவலுக்கும் நடுவில் ஒரு புதிய பதிவு நுழைந்துவிடலாம். இரண்டையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வையுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பொறியான இன்னோடிபியின் இயல்பான தனிமை நிலையில் இரண்டும் ஒரே கணத்தின் தரவையே பார்க்கும்.

பதிவு 26 | வயலோரம்

வைத்துவிட்டேன். நாளை காலை ஆறு மணிக்குச் சங்கத்தில் உட்கார்ந்து, பால் ஊற்றும்போதே அடிவரியைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.